நீண்ட செய்தியை இழையாகப் பதிவது எப்படி: எட்டு அணைக்கட்டுகளைக் கொண்டு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றித் தாம் எழுதிய ஆறு பக்கக் குறிப்பைக் கோடு போட்ட நோட்டோடு ஒரு நாள் காலையில் கொண்டுவந்து, "தம்பி, இத எக்ஸ்ல போடணும், நாலு வரிக்கு மேல விட மாட்டேங்குது" என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததையே, சமூக வலைத்தளங்களில் புதிதாக எழுத வருகிறவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அவருடைய அணைக்கட்டுகளையே எடுத்துக்காட்டாகவும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பதிவுக்குள் அடங்காத செய்தியைப் பல பதிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடு கோத்துப் போடுவதைத்தான் த்ரெட் என்கிறார்கள். தமிழில் இழை என்றும் திரி என்றும் சொல்வோர் உண்டு. திரி என்றால் எனக்கு விளக்குதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இக்கட்டுரையில் இழை என்றே எழுதுகிறேன். த்ரெட்ஸ் என்ற பெயரிலேயே ஒரு செயலி 2023-இல் வந்துவிட்டதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் இச்சொல் உதவும்.

ட்விட்டர் 2006-இல் தொடங்கியபோது அது கைப்பேசிக் குறுஞ்செய்தியை நம்பியிருந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள்தாம் இடம் என்பதால், பெயருக்கு 20 விட்டு, எழுதுவதற்கு 140 என்று வைத்தார்கள். இது 2017 நவம்பரில் 280 ஆனது. அடுத்த மாதமே, பதிவுகளை ஒரே மூச்சில் எழுதிக் கோத்து அனுப்பும் வசதியும் வந்தது. அதற்கு முன்பு மக்கள் தம் பதிவுக்குத் தாமே மறுமொழி எழுதித்தான் இழை கோத்தார்கள். அந்த வழி இன்றும் செல்லும். ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆன பிறகும், கட்டணம் செலுத்தாதவர்களுக்கு அளவு 280-தான். எக்ஸைப் போன்ற மற்றத் தளங்களில், மாஸ்டடானில் வழக்கமான அளவு 500, த்ரெட்ஸிலும் 500, புளூஸ்கையில் 300.

அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

தலைமையாசிரியர் முதலில் சண்டைக்கு வந்தது இந்த இடத்தில்தான். "திருநெல்வேலின்னா ஆறெழுத்து, இது பன்னெண்டுன்னு கணக்குப் பண்ணுதே" என்று கைப்பேசியைக் காட்டினார். அவர் கணக்கும் சரி, எக்ஸின் கணக்கும் சரி. நமக்கு உயிர்மெய் ஓரெழுத்து. கணினிக்குள்ளோ 'தி' என்பது தகரம் ஒன்று, அதன் மேல் வரும் இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறியீடுகள். மெய்யெழுத்தும் அப்படித்தான்: 'ல்' என்றால் லகரமும் புள்ளியும். தி, ரு, நெ, ல், வே, லி என்ற ஆறும் இரண்டிரண்டாகச் சேர்ந்து பன்னிரண்டாகிவிடுகின்றன. அகரமேறிய ர, ப போன்ற எழுத்துகளும் அ, ஆ போன்ற உயிரெழுத்துகளும் மட்டுமே ஒன்றாக எண்ணப்படும். அதனால்தான் ஆறெழுத்துள்ள தாமிரபரணி ஒன்பதோடு நின்றுவிடுகிறது. புளூஸ்கையின் கணக்கு வேறு. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை அது ஒன்றாகவே எண்ணுகிறது. அங்கே திருநெல்வேலி ஆறுதான். எண்ணிக்கையில் 280-க்கும் 300-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றினாலும், தமிழில் எழுதுகிறவருக்குப் புளூஸ்கையில் கிடைக்கும் இடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நடைமுறையில் எக்ஸின் ஒரு பதிவில் எவ்வளவு தமிழ் கொள்ளும் என்று பார்ப்போம். தலைமையாசிரியருக்காக நாங்கள் எழுதிய முதல் பதிவு இது: "தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்." இதில் 17 சொற்கள், எக்ஸின் கணக்கில் 169. சொல்லுக்கு இடைவெளியோடு சேர்த்துப் பத்து என்று வைத்துக்கொண்டால் 280-இல் 28 சொற்கள் அடங்கும். எவ்வளவு நீளமான இணைய முகவரியை ஒட்டினாலும் எக்ஸ் அதை 23 என்றே எண்ணும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் போதவில்லை என்பதற்காக ஒற்றுகளை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஒற்றுக்கு இரண்டு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அப்படிச் செய்யாதீர்கள். எண்களை இலக்கத்தில் எழுதினால், 'என்பது குறிப்பிடத்தக்கதாகும்' போன்ற வால்களை வெட்டினால், அதைவிடக் கூடுதலாக இடம் கிடைக்கும். அந்த ஒரு வால் மட்டும் எக்ஸில் 28-ஐத் தின்றுவிடும்.

செயலிக்கு வெளியே எழுதுங்கள்

நேராகச் செயலிக்குள் எழுதத் தொடங்காதீர்கள். கைப்பேசியில் உள்ள குறிப்பேட்டிலோ கணினியிலோ முழுவதையும் முதலில் எழுதி முடியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தாலோ, விரல் தவறி அனுப்பும் பொத்தானில் பட்டாலோ, பாதிச் செய்தி ஊருக்குப் போய்விடும். எக்ஸ் செயலியில் வரைவாகச் சேமித்தாலும், அந்த வரைவு அந்தக் கைப்பேசியிலேயே தங்கியிருக்கும். வீட்டுக் கணினியில் போய்த் தேடினால் கிடைக்காது.

நம் ஊர்ப்பக்கம் அடிக்கடி நடக்கும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் தம் நோட்டை ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கியிருந்தார். கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அச்சில் அழகாக இருந்த அதே வரிகள், எக்ஸில் ஒட்டியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகிவிட்டன. கடைக்காரர் மீது தவறில்லை. அவர் அச்சுக்காக அடித்தார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். சமூக வலைத்தளங்களுக்கு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு தமிழ் வேண்டும். கைப்பேசி விசைப்பலகையில் நீங்கள் அடிப்பது எல்லாமே யூனிகோடுதான். பழைய கோப்பு இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒன்றில் இட்டு மாற்றிக்கொண்டு, ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

எங்கே வெட்டுவது

இக்கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. இழை என்பது வாசிப்பவர் மேலிருந்து கீழாகப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. ஆனால் அந்த நம்பிக்கை பாதிதான் பலிக்கும். உங்கள் பத்துப் பதிவுகளில் ஆறாவதை மட்டும் ஒருவர் பகிர்ந்தால், அவரைப் பின்தொடர்பவர்கள் கண்ணில் படுவது அந்த ஆறாவது மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பதிவும் தனியாகப் பயணம் போகும் என்று எண்ணி, வழிச்சோறு கட்டிக்கொடுத்தே அனுப்ப வேண்டும்.

தலைமையாசிரியரின் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "இதிலிருந்து பிரியும் கால்வாய்தான் பாளையங்கோட்டை வழியாகச் செல்கிறது." நோட்டில் இது சரியான வரி, முந்திய வரியில் அணைக்கட்டின் பெயர் இருக்கிறது. தனிப் பதிவாகப் போனால் எது 'இது' என்று யாருக்கும் தெரியாது. அதை இப்படி மாற்றினோம்: "ஐந்தாவது, பழவூர் அணைக்கட்டு. தாமிரபரணியிலிருந்து பாளையங்கால்வாய் பிரிவது இங்கேதான். பாளையங்கோட்டை வழியாகச் செல்லும் கால்வாய் இது." ஆற்றின் பெயர், அணைக்கட்டின் பெயர், வரிசை எண் மூன்றும் பதிவுக்குள்ளேயே இருப்பதால், யார் எங்கே பார்த்தாலும் புரியும். அடுத்ததையும் அதே முறையில் எழுதினோம்: "ஆறாவது, சுத்தமல்லி அணைக்கட்டு. இதிலிருந்து பிரிவது நெல்லைக் கால்வாய்." 'இது', 'அவர்', 'மேற்சொன்ன' என்று ஒரு பதிவு தொடங்கினால், அந்தப் பதிவை மீண்டும் எழுதுங்கள்.

அடுத்தது, வாக்கியத்தை நடுவில் வெட்டுவது. எண்ணிக்கை 280-ஐத் தொட்டதும் அந்த இடத்திலேயே கத்தரித்து, மீதியை அடுத்த பதிவில் ஒட்டுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆம், இல்லை, வேண்டும், வேண்டாம், நடந்தது, நடக்கவில்லை என்ற முடிவு முழுவதும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. வாலை வெட்டி அடுத்த பதிவில் வைத்தால், முதல் பதிவு நேர் எதிரான பொருளோடு ஊர் சுற்றும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது; ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவில் ஒருவர் இவ்வாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "பாபநாசம் அணை உடையும் நிலையில் இருக்கிறது, கரையோர மக்கள் உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியில் துளியும்". இத்துடன் முதல் பதிவு முடிகிறது. "உண்மை இல்லை, யாரும் பதற வேண்டாம்" என்பது இரண்டாம் பதிவில். வதந்தியை மறுக்க எழுதியவரே வதந்தியைப் பரப்பியவர் ஆகிவிடுவார். அவர் செய்திருக்க வேண்டியது, மறுப்பை முன்னால் வைப்பது: "பாபநாசம் அணை குறித்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தி பொய்." முதலில் ஏழு சொல்லில் முற்றுப்புள்ளி, விளக்கம் அதற்குப் பிறகு. அவசரக் காலத்து இழையில் ஒவ்வொரு பதிவிலும் தேதியையும் நேரத்தையும் எழுதுவதும் கட்டாயம். "இப்போது தண்ணீர் ஏறுகிறது" என்ற பதிவு மூன்று நாள் கழித்து வேறொருவர் திரையில் தோன்றும்போதும் 'இப்போது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே எண்ணிக்கையை ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு கருத்து என்று வெட்டுங்கள். ஒரு பதிவு 120-இல் முடிந்தால் முடியட்டும், மீதி இடம் வீணாகப் போவதில்லை. தலைமையாசிரியரின் ஆறு பக்கத்தை அப்படியே நறுக்கியிருந்தால் இருபதுக்கு மேல் வந்திருக்கும். அணைக்கட்டுக்கு ஒன்றாக எட்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பத்தில் நிறுத்தினோம். அரை மணி நேரம் வருத்தப்பட்டுத்தான் மீதியை விட்டுக்கொடுத்தார்.

கோப்பது

எக்ஸில் புதிய பதிவு எழுதும் பெட்டியைத் திறந்து முதல் பதிவை ஒட்டுங்கள். கீழே ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தொட்டால் அடுத்த பெட்டி திறக்கும். அதில் இரண்டாவதை ஒட்டி, மீண்டும் கூட்டல் குறி. எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு மேலிருந்து ஒருமுறை படித்துவிட்டு, அனைத்தையும் அனுப்பும் பொத்தானை அழுத்தினால், முழு இழையும் ஒன்றாகப் போய்ச் சேரும். புளூஸ்கையிலும் கூட்டல் குறிதான். மாஸ்டடானில் முதல் பதிவை அனுப்பிவிட்டு, அதற்கு மறுமொழியாக இரண்டாவதை அனுப்ப வேண்டும்.

மறுமொழி வழியில் கோக்கும்போது கவனம் தேவை: எப்போதும் கடைசிப் பதிவுக்கே மறுமொழி எழுத வேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாவற்றையும் முதல் பதிவுக்கே மறுமொழியாகப் போட்டால், ஒரே கிளையில் பல காய்கள் தொங்குவதுபோல் ஆகி, எது முன், எது பின் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் சிலர் மறுமொழியே போடாமல் பத்தையும் பத்துத் தனிப் பதிவுகளாக அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் பக்கத்தைத் திறந்தால் கடைசியாக அனுப்பியது மேலே நிற்கும். கதையை முடிவிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். நான் முதன்முதலில் எழுதிய இழை இந்த வகைதான். ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஆற்றை எதிர்நீச்சலில் ஏறிய வாசகர் ஒருவர், "அண்ணாச்சி, தொடக்கம் எங்க?" என்று கேட்டிருந்தார்.

எண்ணிடுவது நல்லது. மொத்தம் தெரிந்தால் 1/10, 2/10 என்று போடுங்கள்; படிப்பவருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியும். எழுத எழுத வளரும் இழையானால் 1/, 2/ என்று விட்டுவிடலாம். மொத்தத்தை முன்னதாக அறிவித்துவிட்டு 13/10 வரை போனவர்களும் உண்டு.

முதல் பதிவு

முதல் பதிவைக் கடைசியில் எழுதுங்கள். ஓடுகிற விரலை நிறுத்த வேண்டியது அதுதான். 'எட்டு அணைக்கட்டுகள், ஒன்று மட்டும் ஆங்கிலேயர் காலத்தது' என்ற செய்தி முதலிலேயே இருப்பதால், படிப்பவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. "நண்பர்களே, வணக்கம், நீண்ட நாளாக எழுத நினைத்த ஒன்று" என்று தொடங்கினால் அந்த 28 சொற்களும் கரைந்துவிடும். "இந்த இழையைப் படித்தால் அதிர்ந்துவிடுவீர்கள்" என்ற வகை எனக்குப் பிடிப்பதில்லை. படித்தவர் அதிராவிட்டால் உங்கள் அடுத்த இழையைத் திறக்க மாட்டார்.

இணைய முகவரியை முதல் பதிவில் வைக்காதீர்கள். அதைத் தொட்டவர் வெளியே போய்விடுவார். திரும்பி வருவது அரிது. ஆதாரமாகக் காட்ட வேண்டிய சுட்டிகளைக் கடைசிப் பதிவில் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட செய்திக்கு மட்டும் ஆதாரம் தேவையானால், அந்தச் செய்தி உள்ள பதிவிலேயே வைக்கலாம்.

படங்கள்

எக்ஸிலும் புளூஸ்கையிலும் ஒரு பதிவில் நான்கு படங்கள் வரை சேர்க்கலாம். மருதூர் அணைக்கட்டைப் பற்றிய பதிவில் மருதூர்ப் படமே இருக்க வேண்டும். எல்லாப் படங்களையும் முதல் பதிவில் கொட்டிவிடக் கூடாது. படத்தை எடுத்தது எந்த மாதம் என்று ஒரு சொல் எழுதுங்கள். கார்த்திகையில் கரைபுரளும் ஆறும் சித்திரையில் பாறை தெரியும் ஆறும் ஒரே இடம்தான் என்று வெளியூர்க்காரர் நம்பமாட்டார். படத்துக்கு விளக்கம் எழுத ஓரிடம் தருவார்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதையே படித்துக் காட்டும் என்பதால் அதை வெறுமையாக விடாதீர்கள். முழுக் கட்டுரையையும் படமாக எடுத்து ஒட்டிவிட்டால் இழையே வேண்டாமே என்று தலைமையாசிரியர் கேட்டார். ஒட்டலாம், ஆனால் திரைவாசிப்பான் அதைப் படிக்காமல் போகலாம், தேடினால் கிடைக்காது, சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க யாருக்கும் பொறுமையும் இருக்காது.

பிழை நேர்ந்தால்

பிழை நேரும். முன்பு ஒரு முறை நான் பழவூரையும் சுத்தமல்லியையும் இடம் மாற்றி எழுதிவிட்டு, ஒருவர் சுட்டிக்காட்டியதும் பதறிப்போய் அந்தப் பதிவை நீக்கிவிட்டேன். நடுவில் ஒரு கண்ணி அறுந்தது. மேலிருந்து படித்து வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், கீழே இருந்த நான்கு பதிவுகள் தலையில்லாமல் தொங்கின. எக்ஸில் திருத்தும் வசதி கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள். மாஸ்டடானில் பிறகும் திருத்தலாம்.

திருத்த முடியாத இடத்தில் வழி இரண்டு. அனுப்பிய சில நிமிடங்களில் கண்டுபிடித்து, யாரும் பகிராமலும் இருந்தால், பிழையான பதிவிலிருந்து கடைசி வரை உள்ளதை நீக்கிவிட்டு, அதற்கு மேலுள்ள பதிவோடு மீண்டும் கோத்துவிடுங்கள். பகிரத் தொடங்கிவிட்டார்கள் என்றால் எதையும் நீக்காதீர்கள். பிழையான பதிவுக்கு நேர் மறுமொழியாக, "திருத்தம்: ஐந்தாவது பழவூர், ஆறாவது சுத்தமல்லி" என்று எழுதி, அதையே இழையின் கடைசியிலும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லி எழுதினால் அடுத்த முறையும் அவர் கவனித்துப் படிப்பார். எழுத்துப்பிழை மட்டும்தான், பொருள் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் கொம்புக்கும் திருத்தம் போட்டால் இழையைவிடத் திருத்தம் நீளும்.

அனுப்பிய பிறகு

இழை போய்ச் சேர்ந்ததும் கைப்பேசியை மூடிவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ஆனால் அந்தப் பதிலை இழையின் கடைசிப் பதிவில் தொடராமல், கேட்டவரின் கேள்விக்குக் கீழேயே எழுதுங்கள். நாளைக்குப் புதிய தகவல் கிடைத்தால் அதை மட்டும் கடைசிப் பதிவோடு கோத்து, தேதியும் போடுங்கள். வேண்டுமானால் முதல் பதிவை உங்கள் பக்கத்தின் உச்சியில் நிலையாக நிறுத்திவைக்கலாம். புதிதாக வருகிறவர் முதலில் அதைப் பார்ப்பார்.

நீங்கள் முதலில் எழுதிய குறிப்பேட்டுப் படியை அழிக்காதீர்கள். கணக்கு முடங்கிப்போகலாம், கடவுச்சொல் மறந்துபோகலாம், நிறுவனமே பெயரையும் விதியையும் மாற்றலாம். தலைமையாசிரியர் இந்த விஷயத்தில் என்னைவிட முன்னெச்சரிக்கையானவர். அவருடைய பத்துப் பதிவுகளும் நோட்டின் ஏழாம் பக்கத்தில் கையெழுத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எக்ஸின் கணக்கு ஒன்று, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் இலக்கணக் கணக்கு ஒன்று.